விமானிகளின் மருத்துவ விடுப்பு: கரையும் கணக்கும் நிரப்பும் வழிகளும்

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் விமானியின் மருத்துவ விடுப்பை நாட்களில் எழுதுவதில்லை, மணிகளில் எழுதுகிறார்கள். காரணம் சம்பளம்தான். மாதாமாதம் கைக்கு வரும் தொகை பறக்கும் மணிகளை வைத்தே கணக்கிடப்படுகிறது. பறக்க வேலை குறைந்தாலும் மாதம் இத்தனை மணிக்காவது ஊதியம் உண்டு என்று ஒப்பந்தம் உறுதி தரும். அந்த உறுதி பெரும்பாலும் எழுபது மணியை ஒட்டி இருக்கும். சம்பளத்துக்கு எந்த அளவுகோலோ விடுப்புக்கும் அதுவே.

விமானியின் வேலை 'பயணம்' என்ற அலகில் பிரிக்கப்படுகிறது. வீட்டை விட்டுக் கிளம்பி, மூன்று நான்கு நாள் ஊர் ஊராகப் பறந்து, இரவுகளில் ஹோட்டலில் தங்கி, புறப்பட்ட ஊருக்கே திரும்புவது ஒரு பயணம். அதற்கு மொத்தம் இத்தனை மணி ஊதியம் என்று முன்கூட்டியே குறித்திருப்பார்கள். உடம்பு சரியில்லை என்று விமானி தெரிவித்தால் அந்தப் பயணத்தை அவருடைய அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்குரிய மணிகளை அவருடைய விடுப்பு இருப்பில் கழித்துக்கொண்டு ஊதியம் தருவார்கள். இந்த இருப்புக்கு விமானிகள் வழக்கில் 'சிக் பேங்க்' என்று பெயர்.

குறிப்பிட்ட பயணம் எதுவும் இல்லாமல், கூப்பிட்டால் வரத் தயாராக வீட்டில் காத்திருப்பவர்கள் ரிசர்வ் விமானிகள். அவர்களுக்குக் கழிப்பதற்குப் பயணம் என்று ஒன்று இல்லை. எனவே நோயால் வர முடியாத ஒவ்வொரு நாளுக்கும் நிலையான ஓர் அளவைக் கழிப்பது வழக்கம்.

இந்த விதிகளெல்லாம் நாடு முழுவதற்கும் ஒன்றாக இல்லை. 1926இல் ரயில் தொழிலாளர்களுக்காக இயற்றிய ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன்கீழ் ஒவ்வொரு நிறுவனமும் தன் விமானிகள் சங்கத்தோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. பல நிறுவனங்களின் விமானிகள் 1931இல் தொடங்கிய ஏல்பா என்ற விமானிகள் சங்கத்தில் இருக்கிறார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ், சவுத்வெஸ்ட் விமானிகளுக்குத் தனிச் சங்கங்கள் உண்டு. விடுப்பு எப்படிச் சேரும், எப்படிக் கழியும், எப்படித் திரும்பும் என்பதெல்லாம் இந்த ஒப்பந்தங்களின் பக்கங்களில் இருக்கிறது. குறித்த தேதி கடந்தாலும் இந்தச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. திருத்தப் பேச்சுக்கு உரியதாக மட்டுமே ஆகிறது. புதியது கையெழுத்தாகும்வரை, ஆண்டுகள் ஆனாலும், பழைய விடுப்பு விதியே நடக்கும்.

சேரும் முறையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மாதாமாதம் சில மணிகள் இருப்பில் ஏறிக்கொண்டே போகும், ஓர் உச்சவரம்பு வரை. மற்றொன்றில் விடுப்பு ஆண்டின் தொடக்கத்தில் பணிக்காலத்துக்கு ஏற்ப ஒரு தொகுப்பு கணக்கில் விழும். முதல் வகையில் நோயில்லாமல் பல ஆண்டு ஓட்டியவரின் கையில் பெரிய இருப்பு நிற்கும். இரண்டாவது வகையில் சேமிப்பு பெரிதாக வளராது. ஆனால் ஒரு நோயில் எல்லாம் தீர்ந்தாலும் அடுத்த ஆண்டு தொடங்கியதும் கணக்கு நிறைந்துவிடும்.

நோயோடு பறப்பது குற்றம்

மற்ற வேலைகளில் லேசான காய்ச்சலோடு அலுவலகம் போகிறவரைக் கடமை உணர்ச்சி உள்ளவர் என்று பாராட்டக்கூடும். விமானிக்கு அது சட்ட மீறல். தன் மருத்துவச் சான்றிதழுக்கான தகுதியை இழக்கச் செய்யும் குறை தனக்கு இருப்பது தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ ஒருவர் விமானி பொறுப்பில் அமரக் கூடாது என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகத்தின் விதி 61.53. 2014 ஜனவரி 4 முதல் நடைமுறையில் உள்ள 117ஆம் பகுதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. பயணிகள் விமானத்தின் விமானிகள் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் தாங்கள் பணிக்குத் தகுதியாக இருப்பதாக உறுதிமொழி தர வேண்டும்.

அந்த 117ஆம் பகுதி உருவாகக் காரணமாக இருந்தது 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே நடந்த கோல்கன் ஏர் 3407 விபத்து. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். துணை விமானி முந்தைய இரவு முழுதும் சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாகப் பயணம் செய்து நியூவர்க் வந்து பணியில் சேர்ந்தவர். அவருக்குச் சளி பிடித்திருந்தது விமானி அறை ஒலிப்பதிவிலேயே தெரிந்தது. விபத்துக்குக் கேப்டன் விமானத்தைக் கையாண்ட விதமே காரணம் என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். துணை விமானியின் சளி அவருடைய செயல்பாட்டை நேரடியாகப் பாதித்திருக்க வாய்ப்பில்லை என்றும் சொன்னது. ஆனாலும் குறைந்த ஊதியத்தில் வெகுதூரத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருவர், உடம்பு முடியாதபோது என்ன செய்வார் என்ற கேள்வியை நாடு முழுதும் அந்த விபத்துதான் எழுப்பியது.

சாதாரணச் சளிக்கு ஏன் இவ்வளவு என்று தோன்றலாம். பறக்கும் விமானத்தின் கேபினில் காற்றழுத்தம் தரைமட்ட அளவில் இருப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் நிற்பதற்குச் சமமாக இருக்கும். இறங்கும்போது அழுத்தம் கூடும். மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சளியால் அடைத்திருந்தால் அந்த மாற்றம் சமமாகாது. காது வலி, செவிப்பறைக் காயம், நெற்றியில் கத்தியால் குத்துவது போன்ற சைனஸ் வலி எல்லாம் வரும். அதுவும் தரையிறங்கும் நேரத்தில், கவனம் முழுதும் கருவிகளில் இருக்க வேண்டிய அந்த நிமிடங்களில் வரும்.

மருந்து போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்றால் அங்கேயும் தடை. தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்துகள் எதையும் சாப்பிட்டுவிட்டு உடனே பறக்க முடியாது. டைஃபென்ஹைட்ரமைன் என்ற மருந்தை எடுத்தால் 60 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் அறிவுரை. நம்மூர் மருந்துக் கடைகளில் பெனட்ரில் சிரப்பாகக் கிடைப்பதில் இருப்பது இதே மருந்துதான். இரண்டு நாள் சளி, நான்கு நாள் பயணம் ஒன்றை விழுங்குவது இப்படித்தான். உடம்பு தேறினாலும் பயணம் ஏற்கெனவே புறப்பட்டுப் போயிருக்கும்.

எவ்வளவு வேகமாகக் கரைகிறது

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாதம் 5 மணி விடுப்பு சேரும் ஒப்பந்தத்தில் ஒரு விமானியின் இருப்பு 60 மணி. சளியால் 21 மணிப் பயணம் ஒன்று போனால் மிச்சம் 39. இழந்ததைத் திரும்பப் பெற நான்கு மாதத்துக்கும் மேலாகும். இது தாங்கக்கூடியது.

அதே விமானிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று வைத்துக்கொண்டால் கதை மாறுகிறது. மாதம் 75 மணி வீதம் மூன்று மாதத்துக்கு 225 மணி வேண்டும். கையில் 225 மணி இருந்து எல்லாம் கழிந்துபோனால், மாதம் 5 மணி என்ற வேகத்தில் அது நிரம்ப 45 மாதம் பிடிக்கும். ஏறக்குறைய நான்கு ஆண்டு. அந்த நான்கு ஆண்டில் இன்னொரு நோய் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சொட்டுச் சொட்டாக நிறைந்து ஒரே நாளில் காலியாகும் தொட்டியைப் போன்றது இந்த இருப்பு.

விமானிகளுக்கு நீண்ட விடுப்பு மற்றவர்களைவிட எளிதாக வந்துசேரும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் 40 வயதுக்குள் 12 மாதத்துக்கும், 40ஐக் கடந்தால் 6 மாதத்துக்கும் மட்டுமே செல்லும். சிறுநீரகக் கல், இதயக் குழாயில் ஸ்டென்ட், மனச்சோர்வுக்கு மாத்திரை என்று எது வந்தாலும், நோயாளி நடமாடத் தொடங்கிய பிறகும் சான்றிதழ் திரும்பக் கிடைப்பதற்குப் பரிசோதனை அறிக்கைகள், காத்திருப்புக் காலம், நிர்வாகத்தின் தனி அனுமதி என்று மாதக்கணக்கில் ஆகும். அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ஸ்டென்ட் வைத்துச் சில வாரங்களில் மேசைக்குத் திரும்பிவிடலாம். விமானி வீட்டில் நலமாக உட்கார்ந்தபடி கோப்பு நகரக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பும் விடுப்பு இருப்பிலிருந்துதான் போகும்.

புதிதாகச் சேர்ந்தவர்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. இருப்பு ஏறக்குறைய பூஜ்யம். முதல் ஆண்டு தகுதிகாண் பருவம். ஊதியமும் ஏணியின் கீழ்ப்படியில். இதனால்தான் சேரும்போதே சில மணிகளை முன்கூட்டிக் கணக்கில் வரவு வைக்கும்படி சங்கங்கள் கேட்டு வாங்குகின்றன.

இருப்பைக் காக்கும் வழிகள்

முதல் வழி, எது மருத்துவ விடுப்பு, எது இல்லை என்று பிரித்து வைப்பது. களைப்பு நோய் அல்ல. தூக்கமின்றி, பறக்கும் நிலையில் இல்லை என்று விமானி சொல்வதற்குத் தனி நடைமுறை உண்டு. களைப்போடு இருப்பவரைப் பறக்கவிடவும் கூடாது, பறக்கவும் கூடாது என்று 117ஆம் பகுதி இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. அப்படி நீங்கும் மணிகளை மருத்துவ இருப்பில் கழிக்கலாமா, நிறுவனமே ஏற்க வேண்டுமா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். பணியில் ஏற்பட்ட காயமும் தனி இனம். அதற்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு. விமானத்தின் படியில் வழுக்கி விழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டவர் அதைச் சாதாரண நோய் என்று பதிவுசெய்துவிட்டால், வேறு கணக்கில் போயிருக்க வேண்டிய மணிகள் சொந்த இருப்பிலிருந்து போகும்.

இரண்டாவது, தள்ளிப்போடக்கூடிய சிகிச்சைகளுக்கு நாள் குறிப்பதில் கவனம். விமானிகள் மாதாமாதம் பணி மூப்பு வரிசைப்படி தங்கள் அட்டவணையை விண்ணப்பித்துப் பெறுகிறார்கள். பல் அறுவை சிகிச்சையோ குடலிறக்கச் சிகிச்சையோ செய்யவிருப்பவர், நீண்ட ஓய்வு நாட்களை ஒட்டியோ ஆண்டு விடுப்பை ஒட்டியோ தேதியைப் பொருத்திக்கொள்வார். மூப்பு அதிகமுள்ளவருக்கு இது எளிது. வரிசையின் கடைசியில் இருப்பவருக்குக் கிடைத்த நாள்தான் நாள்.

மூன்றாவது, குணமானதும் உடனே தெரிவிப்பது. 'நலம்' என்று சொல்லும்வரை அடுத்தடுத்த பயணங்களும் அட்டவணையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ரிசர்வ் விமானிக்கோ ஒவ்வொரு நாளும் கழிவு விழும். ஒரு மாலைப்பொழுது தாமதம்கூட ஒரு நாள் கழிவாகிவிடக்கூடும்.

இங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. இருப்பைக் காப்பது என்றால் நோயை மறைத்துப் பறப்பது என்று பொருளாகிவிடக் கூடாது. மணிகளைச் சேமிக்கச் சளியோடு விமானம் ஏறுபவர் காப்பாற்றியது இருபது மணி; பணயம் வைத்தது தன் செவிப்பறையையும் சான்றிதழையும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களையும்.

திரும்ப நிரப்புவது

கரைந்த இருப்பு நிறைவதற்கான இயல்பான வழி மாதாந்திரச் சேர்ப்புதான். வேலைக்குத் திரும்பிய மாதத்திலிருந்து அது ஓடத் தொடங்கும். ஊதியத்தோடு விடுப்பில் இருக்கும்போதும் சேருமா என்பதை ஒப்பந்தமே சொல்லும். ஊதியமில்லாத விடுப்பில் பெரும்பாலும் நின்றுவிடும். ராணுவ ரிசர்வ் படையில் இருந்து அழைப்பு வந்து போகும் விமானிகள் அமெரிக்காவில் நிறையப் பேர். 1994ஆம் ஆண்டின் படைப்பணியாளர் மறுவேலைச் சட்டம் அவர்களுடைய மூப்பையும் மூப்போடு சேர்ந்த உரிமைகளையும் காக்கிறது. படையிலிருந்து திரும்பி வந்தவரைப் புதிதாகச் சேர்ந்தவர்போல நடத்த முடியாது.

இரண்டாவது வழி, கூடுதலாகப் பறப்பது. சில ஒப்பந்தங்கள், குணமான விமானி ஆளில்லாமல் கிடக்கும் பயணங்களை எடுத்துப் பறந்து, கழிந்த மணிகளை ஈடுகட்ட இடம் தருகின்றன. இந்த மாதம் சளியில் இழந்த 20 மணியை மாதக் கடைசியில் ஒரு பயணத்தால் மீட்டுவிடலாம். ஆனால் இதற்குச் சட்டமே வேலி போட்டிருக்கிறது. 117ஆம் பகுதியின்படி பயணிகள் விமானத்தின் விமானி 672 மணி நேரத்துக்குள், அதாவது 28 நாளுக்குள், 100 மணிக்கு மேல் பறக்கக் கூடாது. 365 நாளில் 1,000 மணிதான் உச்சம். ஒவ்வொரு 168 மணி நேரத்திலும் தொடர்ந்து 30 மணி நேரம் பணியின்றி இருக்க வேண்டும். நோயிலிருந்து எழுந்தவர் விட்டதைப் பிடிக்கிறேன் என்று மீண்டும் படுத்துவிடாமல் இந்த வரம்புகள் பார்த்துக்கொள்கின்றன. சரக்கு விமான விமானிகளுக்கு 117ஆம் பகுதி கட்டாயமில்லை. அவர்களுக்குப் பழைய விதிகளே.

மூன்றாவது வழிதான் முக்கியமானது: விரைவு மறுசேர்ப்பு. பெரிய நோயால் இருப்பு அடியோடு வற்றியவர் பணிக்குத் திரும்பியதும், வழக்கமான வேகத்தைவிடக் கூடுதலான மணிகள் மாதாமாதம் அவர் கணக்கில் ஏறும். ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் வழக்கமான வேகத்துக்கு வந்துவிடும். யாருக்கு இது பொருந்தும் என்பதில் நிபந்தனைகள் இருக்கும். எத்தனை மணி தொடர்ச்சியாகப் போயிருக்க வேண்டும், மருத்துவச் சான்று உண்டா, நோய்க்கு முன் இருப்பு எவ்வளவு இருந்தது என்றெல்லாம் பார்ப்பார்கள். அடிக்கடி இரண்டிரண்டு நாள் எடுத்துக் கரைத்தவருக்கும் புற்றுநோய் சிகிச்சையில் கரைத்தவருக்கும் வேறுபாடு காண்பதற்காகவே இந்த நிபந்தனைகள். மேலே சொன்ன 45 மாதக் கணக்கை மாதம் 10 மணி என்ற வேகத்தில் போட்டால் பாதியாகிவிடும். பேச்சுவார்த்தை மேசையில் சங்கங்கள் இதற்கு ஏன் அழுத்தம் கொடுக்கின்றன என்பது அந்த ஒரு கணக்கிலேயே விளங்கும்.

தீர்ந்துபோனால்

இருப்பு பூஜ்யமானால் விடுப்பு கிடைக்கும், ஊதியம் கிடைக்காது. வேலையைக் காப்பதற்கு 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் ஓராண்டில் 1,250 மணி நேரம் வேலை செய்தவருக்கே உரிமை தந்தது. பறக்கும் மணிகளை மட்டும் எண்ணினால், சட்டப்படி 1,000 மணிக்கு மேல் பறக்க முடியாத விமானி அந்தக் கோட்டைத் தொடவே முடியாது. 2009இல் விமானக் குழுவினருக்காகத் தனித் திருத்தச் சட்டம் வந்தது. உறுதி செய்யப்பட்ட மாத மணிகளில் 60 சதவீதமும், முந்தைய 12 மாதத்தில் 504 மணியும் இருந்தால் போதும் என்றானது. விடுப்பு 72 நாள். வாரம் ஆறு நாள் வீதம் 12 வாரம். இது ஊதியமில்லாத விடுப்பு. ஆனால் இந்தச் சட்டத்தின்கீழ் எடுத்த நாளை வருகைக் குறைவு என்று எண்ணித் தண்டிக்க முடியாது.

இன்னும் நீளும் நோய்க்கு நீண்டகால இயலாமைக் காப்பீடு உண்டு. அது முதல் நாளிலேயே தொடங்காது. காத்திருப்புக் காலம் கழிந்த பிறகு ஊதியத்தில் ஒரு பகுதியைத் தரும். நோய் தொடங்கிய நாளுக்கும் காப்பீடு தொடங்கும் நாளுக்கும் நடுவே குடும்பம் ஓடுவது விடுப்பு இருப்பில்தான். மது, போதைப் பழக்கத்திலிருந்து விடுபட்டு விமானிகள் பணிக்குத் திரும்ப 1970களில் தொடங்கிய ஹிம்ஸ் என்ற திட்டத்திலும் இதே நிலைமை. சிகிச்சைக்கும் மறுசான்றிதழுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஊதியம் நின்றுவிட்டால் உண்மையைச் சொல்ல யாரும் முன்வர மாட்டார்கள்.

வருமான பயம் நோயை மறைக்க வைக்கும் என்பதற்கு ஐரோப்பாவில் கொடிய சான்று ஒன்று உண்டு. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் 9525 விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டதில் 150 பேர் இறந்தார்கள். அவர் பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் தந்திருந்த சான்று கிழிக்கப்பட்ட நிலையில் அவர் வீட்டில் கிடைத்தது. பிரெஞ்சு விசாரணை அமைப்பு 2016இல் தந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, மருத்துவக் காரணத்தால் உரிமம் இழக்கும் விமானியின் பொருளாதார இழப்பைக் குறைக்க நிறுவனங்கள் வழி செய்ய வேண்டும் என்பது.

சந்தேகமும் சரிபார்ப்பும்

நிறுவனங்களின் கவலையும் பொய்யல்ல. பயணிகள் விமானத்துக்குக் குறைந்தது இரண்டு விமானிகள் வேண்டும். ஒருவர் வராவிட்டால் ரிசர்விலிருந்து ஆள் வர வேண்டும். ரிசர்வ் தீர்ந்தால் விமானம் ரத்து. கிறிஸ்துமஸ் வாரத்தில் சிக் லீவ் கூடினால் சந்தேகம் வரத்தான் செய்யும். எனவே ஆண்டுக்குக் குறிப்பிட்ட மணிகளைத் தாண்டினால் மருத்துவர் சான்று கேட்கலாம் என்ற விதிகள் ஒப்பந்தங்களில் இருக்கின்றன. எப்போது கேட்கலாம், சான்றுக்கான செலவு யாருடையது, நோயின் பெயரைச் சொல்ல வேண்டுமா என்பதில்தான் இழுபறி.

விடுப்பையே போராட்ட ஆயுதமாக்கினால் நீதிமன்றம் பொறுக்காது. 1999 பிப்ரவரியில், ரீனோ ஏர் என்ற நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியதை ஒட்டிய தகராறில் அமெரிக்கன் விமானிகள் கூட்டமாக நோய் என்று தெரிவித்தார்கள். ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பணிக்குத் திரும்பச் சொன்ன உத்தரவை மதிக்காததற்காக டல்லஸ் கூட்டாட்சி நீதிபதி சங்கத்துக்கு விதித்த அபராதம் சுமார் 4.55 கோடி டாலர்.

ஓய்வு பெறும்போது

அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் விமானிகளுக்கு 65 வயது உச்சவரம்பு. பயன்படுத்தாத விடுப்பு மணிகளுக்கு அன்று என்ன ஆகும்? சில ஒப்பந்தங்களில் ஒன்றுமில்லை, கணக்கு அழிந்துவிடும். சிலவற்றில் ஒரு பகுதி பணமாகவோ ஓய்வுக்கால மருத்துவச் செலவுக்கான நிதியாகவோ மாறும். ஒன்றுமில்லை என்ற இடங்களில் கடைசி ஆண்டில், தள்ளிப்போட்டு வந்த முழங்கால், தோள்பட்டைச் சிகிச்சைகளையெல்லாம் ஒரேயடியாக முடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. எடுக்காவிட்டால் போய்விடும் என்று விதியிருந்தால் எடுக்கத்தான் செய்வார்கள்.

விடுப்பு எடுக்கத் தூண்டுவதும் எடுக்க விடாமல் தடுப்பதும் ஒப்பந்த வரிகளே. பறக்கத் தகுதி இருக்கிறதா என்ற கேள்விக்குச் சட்டம் விமானியிடம் நேர்மையான பதிலைக் கேட்கிறது. அந்தப் பதிலுக்கு விலையாக மாதச் சம்பளத்தைப் பறிக்காத ஏற்பாடுதான் விடுப்பு இருப்பு. அது வற்றினால் விரைவாக நிரப்பிக் கொடுக்கும் விதியைச் சலுகைகளின் பட்டியலில் வைப்பது தவறு; அதன் இடம் பாதுகாப்பு விதிகளின் பட்டியல்.